‘இயற்கை’ என்கிற ஒரு சொல்

நமது சிறை இலக்கியம் ஏறக்குறைய முழுக்கத் தலைவர்கள் எழுதியது. உள்ளே போன காங்கிரஸ்காரர் எழுதினார், கம்யூனிஸ்ட் எழுதினார், திராவிட இயக்கத்தவர் எழுதினார். கலைஞரின் ‘ஆறுமாதக் கடுங்காவல்’ இருக்கிறது. தோழர் தியாகுவின் ‘கம்பிக்குள் வெளிச்சங்கள்’ இருக்கிறது. படித்திருக்கிறேன், மதிக்கவும் செய்கிறேன். ஆனால் திருட்டு கேஸில், சாராய கேஸில், ‘சந்தேகத்தின் பேரில்’ உள்ளே போகிற சேரிக்காரன் என்ன எழுதினான்? அவன் எழுதவில்லை. அவனைப் பற்றி எழுதப்பட்டது. சிறைக்குள் நுழைந்ததும் அவன் பேரில் ஒரு அட்டை போடுகிறார்கள். அதற்குப் பெயர் ஹிஸ்டரி டிக்கெட். வரலாறு இல்லாத கூட்டம் என்று நம்மைச் சொன்னவர்கள் நமக்கென்று ஒழுங்காக எழுதி வைத்திருக்கும் வரலாறு அது ஒன்றுதான். எடை எவ்வளவு, என்ன வேலை, என்ன நோய், என்ன தண்டனை. செத்தால் சாவு.

இந்த அட்டையையும், அதற்குப் பின்னால் இருக்கிற சட்டப் புத்தகத்தையும், மத்திய அரசு வருஷா வருஷம் போடுகிற சிறைப் புள்ளிவிவரப் புத்தகத்தையும் ஒரு பிரதியாக எடுத்து வாசிக்க வேண்டும் என்பது என் கட்சி. “நீ தமிழ் எம்.ஏ. மருத்துவமும் தெரியாது, சட்டமும் தெரியாது, உனக்கெதற்கு இந்த வேலை?” என்று ஒரு வழக்கறிஞர் தோழர் கேட்டார். தோழர், எனக்கு வாசிக்கத் தெரியும். எழுவாய் எங்கே, பயனிலை எங்கே, யாரை மறைத்துவிட்டு வாக்கியம் கட்டியிருக்கிறான் என்று பார்க்கத் தெரியும். அது போதும்.

முதலில் ஒரு சொல். தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் 2022ஆம் ஆண்டுப் புத்தகத்தில், அந்த ஒரு வருஷத்தில் இந்தியச் சிறைகளில் இறந்தவர்கள் 1,995 பேர். அதில் 1,773 பேர் ‘இயற்கை மரணம்’. 159 பேர் ‘இயற்கைக்கு மாறான மரணம்’. தற்கொலை, சக கைதியால் கொலை, விபத்து எல்லாம் இந்த இரண்டாவது கட்டத்துக்குள் வந்துவிடும். நோயும் மூப்பும் முதல் கட்டம். நெஞ்சு அடைத்துச் செத்தவன், காசநோயில் செத்தவன், மஞ்சள்காமாலையில் செத்தவன் எல்லாரும் இயற்கையாகச் செத்தவர்கள். அதாவது பத்துக்கு ஒன்பது சாவுக்கு யாரும் பொறுப்பில்லை. இயற்கை பொறுப்பு.

தொல்காப்பியர் சொல்லதிகாரத்தில் இயற்கைப் பொருளுக்கும் செயற்கைப் பொருளுக்கும் பேச்சில் வேறுபாடு வைக்கிறார். இயற்கைப் பொருளை ‘இப்படிப்பட்டது’ என்று சொல்லிவிட்டுப் போகலாம். நிலம் வலியது, நீர் குளிர்ந்தது, அவ்வளவுதான். செயற்கைப் பொருளை அப்படிச் சொல்லக்கூடாது. ‘ஆயிற்று’ என்கிற ஆக்கச் சொல் போட்டுச் சொல்ல வேண்டும். அந்த ஆக்கத்துக்குக் காரணம் முன்னால் வர வேண்டும். எதனால் ஆயிற்று என்று சொல்லாமல் ஆயிற்று என்று சொல்வதை வழக்கில் மட்டும் அனுமதிக்கிறார். வகுப்பறையில் இதை மதிப்பெண்ணுக்காகப் படித்தோம். இந்தப் புத்தகத்தைப் பார்த்த பிறகுதான் இது எவ்வளவு பெரிய அரசியல் என்று எனக்குப் புரிந்தது. ‘இயற்கை’ என்று ஒரு சாவுக்குப் பெயர் வைத்துவிட்டால் காரணம் சொல்ல வேண்டியதில்லை. அந்த ஒரு சொல்லுக்குள் சர்க்கரை மாத்திரை கிடைக்காத மூன்று வாரம் போகிறது, திறக்காத கதவு போகிறது, வராத போலீஸ் வண்டி போகிறது. தொல்காப்பியத்தை வைத்துக்கொண்டு ஜெயில் சாவைப் பேசுவதா என்று தமிழய்யாக்கள் கோபித்துக்கொள்வார்கள். கோபிக்கட்டும். அவர்கள் வேறு எதற்காக அதைக் காப்பாற்றி வைத்திருக்கிறார்களோ தெரியவில்லை.

இதே கேள்வியை உச்ச நீதிமன்றமும் கேட்டிருக்கிறது. 1,382 சிறைகளின் மனிதத்தன்மையற்ற நிலை பற்றிய வழக்கில், 2017 செப்டம்பர் 15 தீர்ப்பில், காப்பகம் போடும் இந்தப் பாகுபாடு தெளிவாக இல்லை என்று நீதிபதிகள் சொன்னார்கள். உரிய மருத்துவம் கிடைக்காமல், அல்லது உரிய நேரத்தில் கிடைக்காமல் ஒரு கைதி இறந்தால் அது எந்தக் கட்டத்தில் வரும் என்று கேட்டார்கள். அதே தீர்ப்பில்தான், இயற்கைக்கு மாறாக இறந்தவர்களின் குடும்பங்களுக்கு இழப்பீடு கொடுப்பதற்காக உயர் நீதிமன்றங்கள் தாமாகவே வழக்கு எடுக்க வேண்டும் என்றும் சொன்னார்கள். இரண்டையும் சேர்த்துப் படியுங்கள். ‘மாறான’ என்கிற சொல் இருந்தால் விசாரணை, இழப்பீடு. இல்லாவிட்டால் பொணத்த வாங்கிக்கிட்டுப் போ.

இனி 1894ஆம் வருஷத்துச் சிறைச் சட்டத்துக்கு வருகிறேன். வெள்ளைக்காரன் போட்டது. 2023ல் மத்திய அரசு ஒரு மாதிரிச் சட்டம் தயாரித்து மாநிலங்களுக்கு அனுப்பியது. ஆனால் நம் சிறைகளின் எலும்புக்கூடு இன்னமும் 1894தான். அதில் மருத்துவர் எங்கே இருக்கிறார்? ஆறாவது பிரிவில் ஒவ்வொரு சிறைக்கும் ஒரு கண்காணிப்பாளர், ஒரு மருத்துவ அதிகாரி என்று பட்டியல் போடும்போதே, கண்காணிப்பாளரே மருத்துவ அதிகாரியாகவும் இருக்கலாம் என்று அடைப்புக்குறிக்குள் போட்டுவிடுகிறார்கள். பூட்டுகிறவனும் நாடி பிடிக்கிறவனும் ஒரே ஆளாக இருக்கலாம். பதின்மூன்றாவது பிரிவு, சிறையின் சுகாதார நிர்வாகம் மருத்துவ அதிகாரியின் பொறுப்பு என்கிறது. ஆனால் வாக்கியம் அப்படித் தொடங்கவில்லை. ‘கண்காணிப்பாளரின் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டு’ என்று தொடங்குகிறது. வாக்கியத்தில் எது முதலில் வருகிறதோ அதுதான் எசமான்.

அந்த மருத்துவருக்குச் சட்டம் கொடுத்த வேலைகளைப் பாருங்கள். வேலை செய்யும் கைதிகளைப் பதினைந்து நாளுக்கு ஒருமுறையாவது எடை போட்டு ஹிஸ்டரி டிக்கெட்டில் குறிக்க வேண்டும். எதற்கு? வேலை அவனைத் தின்கிறதா, இன்னும் தாங்குவானா என்று பார்க்க. ஐம்பதாவது பிரிவில், தண்டனைச் சாப்பாடு போடுவதற்கு முன்னால், கசையடி கொடுப்பதற்கு முன்னால், இவன் தாங்குவான் என்று மருத்துவர் சான்றிதழ் தர வேண்டும். கசையடி கொடுக்கும்போது அவரோ மருத்துவ உதவியாளரோ கூடவே நிற்கவும் வேண்டும். சிறை மருத்துவம் நோயைத் தீர்க்கப் பிறந்ததாக எனக்குத் தெரியவில்லை. ஓர் உடம்பு எவ்வளவு தாங்கும் என்று அளக்கப் பிறந்தது. மாட்டுத் தரகன் பல்லைப் பிடித்துப் பார்க்கிற மாதிரி.

கசையடி போயிற்று, சான்றிதழ் போகவில்லை. 2020 ஜூன் மாதம் சாத்தான்குளத்தில் ஜெயராஜையும் பென்னிக்ஸையும் காவல் நிலையத்தில் அடித்து ரத்தம் ஒழுக ஒழுகக் கொண்டுவந்தபோது, ரிமாண்டுக்கு ஏற்ற உடல்நிலை என்று ஒரு அரசு மருத்துவர் எழுதிக் கொடுத்தார். மாஜிஸ்திரேட் ரிமாண்ட் செய்தார். கோவில்பட்டி கிளைச் சிறை வாங்கிக்கொண்டது. ஜூன் 22 இரவு மகன், 23 காலை அப்பா. அவர்கள் தலித்துகள் அல்லர், கடை வைத்திருந்த நாடார் சமூகத்தவர். அதனால் என்ன? கருவி ஒன்றுதான். நம்ம ஆட்கள் மேல் தீட்டிக் கூர்பார்த்த கருவி அன்றைக்கு அவர்கள் மேலும் பாய்ந்தது. ஊரே கொதித்தது, நாடே பேசியது. நம்ம ஆட்களுக்கு எழுதப்படுகிற அதே சான்றிதழைப் பற்றி யாரும் கட்டுரை எழுதுவதில்லை.

எங்கள் பகுதித் தம்பி ஒருவன் ஒரு மத்திய சிறையில் பதினான்கு மாதம் விசாரணைக் கைதியாக இருந்துவிட்டு வந்தான். பிறகு விடுதலையும் ஆனான். அவன் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: “ராத்திரி பத்து மணி இருக்கும்ணே. பக்கத்துல படுத்திருந்த பெருசு நெஞ்சப் புடிச்சிக்கிட்டு எழுந்து ஒக்காந்துட்டாரு. வேர்த்து ஊத்துது. நாங்க தட்டெடுத்துக் கம்பிய அடிச்சோம். பாரா வந்தாரு. டார்ச்ச அடிச்சுப் பாத்துட்டு, நடிக்காதடா, காலைல பாத்துக்கலாம்னாரு. சாவி எங்கிட்ட இல்லன்னாரு. ஒரு மாத்திரை குடுத்தாங்க. அங்க எல்லாத்துக்கும் அதே மாத்திரைதான். வயித்து வலிக்கும் அதான், பல்லு வலிக்கும் அதான். விடியறதுக்கு முன்ன பெருசு சாஞ்சிட்டாரு.”

‘நடிக்காதே’ என்பதைக் கவனியுங்கள். அதுதான் நம் சிறைகளின் முதல் மருத்துவப் பரிசோதனை. செய்கிறவர் மருத்துவர் அல்ல, காவலர். சட்டத்தின் 37ஆவது பிரிவே அப்படித்தான் வழி போட்டு வைத்திருக்கிறது. மருத்துவரைப் பார்க்க வேண்டும் என்கிற கைதியின் பெயரைக் காவலர் ஜெயிலருக்குச் சொல்ல வேண்டும், ஜெயிலர் தாமதமில்லாமல் மருத்துவ உதவியாளருக்குச் சொல்ல வேண்டும். வலி மூன்று வாய் மாறி மருத்துவரிடம் போகிறது. முதல் வாய் நம்பாவிட்டால் அங்கேயே நின்றுவிடும். யார் வலியை நம்புவது, யார் வலியை நடிப்பு என்பது? இது மருத்துவக் கேள்வி இல்லை. ஊரில் சேரிக்காரன் சொல்லுக்கு என்ன மதிப்போ அதுதான் உள்ளேயும்.

2023 ஜூன் 14 விடிகாலையில் அமைச்சராக இருந்த செந்தில் பாலாஜியை அமலாக்கத் துறை கைது செய்தது. நெஞ்சு வலி என்றார். உடனே அரசு மருத்துவமனை. உயர் நீதிமன்ற அனுமதியோடு தனியார் மருத்துவமனைக்கு மாற்றம். ஜூன் 21ஆம் தேதி இதய அறுவை சிகிச்சை. இதை நான் குற்றமாகச் சொல்லவில்லை. கைதான மனிதனுக்கு நெஞ்சு வலித்தால் இப்படித்தான் நடக்க வேண்டும். அரசுக்கு இது செய்யத் தெரியும் என்பதற்கு அது சாட்சி. ஒரு வாரத்துக்குள் எல்லாக் கதவும் திறக்கும், எல்லா வண்டியும் வரும். அந்தப் பெருசுக்கு ஏன் ஒரு சாவிகூட வரவில்லை என்பதுதான் என் கேள்வி.

திட்டம் போடுகிறவர்கள் இதற்கு ஒரு பதில் வைத்திருக்கிறார்கள்: ஆள் பற்றாக்குறை. உண்மைதான். 300 கைதிக்கு ஒரு மருத்துவர் என்பது அளவு. 2025ல் வந்த இந்திய நீதி அறிக்கை 775 பேருக்கு ஒருவர்தான் இருக்கிறார் என்கிறது. ஐந்தே முக்கால் லட்சத்தை ஒட்டிய கைதிகளுக்கு நாடு முழுக்க இருபத்தைந்து மனநல மருத்துவர்களும் உளவியலாளர்களும்தான். ஆனால் இந்தக் கணக்கில் ஒரு தந்திரம் இருக்கிறது. மருத்துவர்களை எண்ணுகிறார்கள், கட்டில்களை எண்ணுகிறார்கள். நேரத்தை எண்ணுவதில்லை. வலிக்கிறது என்று சொன்னதற்கும் மருத்துவர் வந்ததற்கும் நடுவில் எத்தனை மணி நேரம்? பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போ என்று மருத்துவர் எழுதியதற்கும் வழிக்காவல் போலீஸ் வந்ததற்கும் நடுவில் எத்தனை நாள்? எழுதிக் கொடுத்த சீட்டு கிடக்கும், ஸ்கேன் எடுக்கிற தேதி போகும், ஆயுதப்படையிலிருந்து ஆள் வராது. ஏதாவது தலைவர் வருகிறார், பந்தோபஸ்துக்குப் போய்விட்டார்கள் என்பார்கள். மறுபடி தேதி வாங்க வேண்டும். புற்றுநோய் தேதிக்குக் காத்திருக்குமா?

கட்டில் கணக்கையும் நம்ப வேண்டாம். அதே தம்பிதான் சொன்னான். சிறை ஆஸ்பத்திரியில் பாலும் முட்டையும் உண்டு, மின்விசிறி உண்டு. அதனால் காசு உள்ளவன் கட்டிலில் படுத்திருப்பான், காய்ச்சல்காரன் கீழே பாய் விரித்திருப்பான். ஜட்ஜய்யா பார்வையிட வருகிற அன்றைக்கு மட்டும் வெள்ளை பெட்ஷீட், எல்லா நோயாளியும் கட்டிலில். மேற்பார்வை என்பது நம் நாட்டில் முன்கூட்டியே சொல்லிவிட்டு வருவது.

சுகாதாரம் என்கிற சொல்லுக்கு இன்னொரு பக்கமும் உண்டு. சிறையின் சுகாதாரத்தை மருத்துவர் பொறுப்பில் விட்ட அரசு, மலத்தை யார் பொறுப்பில் விட்டது? மேற்கு வங்கத்தின் 1967 சிறை விதி பச்சையாகவே எழுதியது: துப்புரவுக்கு மேத்தர் அல்லது ஹரி சாதியினரைத் தேர்ந்தெடு, சண்டாளரையும் சேர்த்துக்கொள்ளலாம், உணவு பொருத்தமான சாதிக்காரன் சமைக்கட்டும். பத்திரிகையாளர் சுகன்யா சாந்தா 2020ல் இவற்றைத் தேடி எடுத்து எழுதினார், பிறகு வழக்கும் போட்டார். 2024 அக்டோபர் 3ஆம் தேதி உச்ச நீதிமன்றம் இந்த விதிகளைச் செல்லாது என்று அடித்தது. சிறைப் பதிவேட்டில் சாதிக் கட்டத்தை நீக்கச் சொன்னது. நம் பாளையங்கோட்டையும் அந்தத் தீர்ப்பில் வருகிறது. அங்கே சாதிவாரியாகக் கொட்டடி பிரித்து வைத்திருப்பது சண்டை வராமல் இருக்கத்தான் என்று நிர்வாகம் சொன்னதை உயர் நீதிமன்றம் முன்பு ஏற்றுக்கொண்டிருந்தது. அதை ஏற்க முடியாது என்றது உச்ச நீதிமன்றம். நல்லது. ஆனால் சாதிக் கட்டத்தை அழித்தால் காவலரின் டார்ச் வெளிச்சத்திலிருந்து சாதி போய்விடுமா? ஊர் பேரைக் கேட்டாலே போதும், தெரிந்துவிடும். 2023 மாதிரிச் சட்டத்தில் சாதிப் பாகுபாட்டைத் தடுக்க அப்போது ஒரு வரிகூட இல்லாமல் இருந்ததையும் அதே தீர்ப்புதான் சுட்டிக்காட்டியது. புதுச் சட்டம் எழுத உட்கார்ந்தவர்களுக்கு அது ஞாபகம் வரவில்லை.

சாவிலும் படிக்கட்டு இருக்கிறது. திருச்சி மாவட்டத்தில் பிறந்து ஜார்க்கண்ட் ஆதிவாசிகளோடு வாழ்ந்த பாதிரியார் ஸ்டான் சுவாமி 2020 அக்டோபரில் கைதானார். நடுக்குவாதம், கை நடுங்கும், டம்ளர் பிடிக்க முடியாது. உறிஞ்சு குழலும் மூடிபோட்ட குவளையும் கேட்டு அவர் நீதிமன்றத்தில் மனுப் போட வேண்டியிருந்தது. பதில் சொல்ல இருபது நாள் அவகாசம் கேட்டது புலனாய்வு முகமை. 2021 ஜூலை 5, ஜாமீன் மனு விசாரணையிலேயே, அவர் இறந்துவிட்டார் என்று மருத்துவர் சொன்னார். 84 வயது. உலகம் முழுக்கக் கண்டனம் எழுந்தது. எழ வேண்டியதுதான். ஆனால் பாண்டு நரோட்டே என்கிற பெயரை நம்மில் எத்தனை பேர் கேட்டிருக்கிறோம்? கட்சிரோலி ஆதிவாசி. பேராசிரியர் சாய்பாபாவோடு அதே வழக்கில் ஆயுள் தண்டனை. 2022 ஆகஸ்டில் நாக்பூர் சிறையில் காய்ச்சல் கண்டு, ஆஸ்பத்திரியில் செத்துப்போனான். 33 வயது. சிகிச்சை தாமதம் என்று வழக்கறிஞர்கள் குற்றம் சாட்டினார்கள். 2024 மார்ச் 5ஆம் தேதி பம்பாய் உயர் நீதிமன்றம் அந்த வழக்கில் எல்லாரையும் விடுதலை செய்தது. செத்தவனும் குற்றமற்றவன் ஆனான். அவன் கடிதம் எழுதவில்லை, கவிதை எழுதவில்லை. அதனால் நம் இலக்கியத்துக்குள்ளும் வரவில்லை.

ஐ.நா. சபை 2015ல் ஏற்றுக்கொண்ட மண்டேலா விதிகள், மருத்துவ முடிவை மருத்துவரே எடுக்க வேண்டும், சிறை அதிகாரி அதைத் தள்ளிவிடக் கூடாது என்கின்றன. கைதிக்குத் தன் மருத்துவக் கோப்பைப் பார்க்கும் உரிமையும் உண்டு. 1894 சட்டத்தை நமக்குக் கொடுத்துவிட்டுப் போன இங்கிலாந்தே 2006க்குள் தன் சிறை மருத்துவத்தைப் பொது மருத்துவத் துறையிடம் ஒப்படைத்துவிட்டது. எழுதியவன் கிழித்துவிட்டான், நாம் சட்டம் போட்டு மாட்டி வைத்திருக்கிறோம்.

ஆனால் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். அந்தப் பழைய புத்தகத்தில் ஒரு பிரிவு எனக்குப் பிடித்திருக்கிறது. பதினைந்தாவது பிரிவு. கைதி இறந்தால் மருத்துவ அதிகாரி பதிவேட்டில் எழுத வேண்டியவை: அவன் முதலில் நோய் என்று சொன்ன நாள், அன்றைக்கு அவன் செய்த வேலை, சாப்பிட்ட சாப்பாடு, ஆஸ்பத்திரியில் சேர்த்த நாள், மருத்துவருக்கு முதலில் தெரிவித்த நாள், மருத்துவர் அவனைக் கடைசியாகப் பார்த்த நேரம், இறந்த நேரம். தொல்காப்பியர் கேட்ட காரணம் இதுதான். சொன்ன நாளுக்கும் தெரிவித்த நாளுக்கும் நடுவில் இருக்கிற இடைவெளியில்தான் அத்தனை கதையும் கிடக்கிறது. வெள்ளைக்காரனுக்குக் கைதி மேல் பாசம் கிடையாது, கூலியில்லா உழைப்பு குறையக் கூடாது என்கிற கவலைதான். இருந்தும் அவன் கேட்ட கேள்வி சரியான கேள்வி. அந்தப் பக்கம் குடும்பத்தின் கைக்கு வந்து நான் பார்த்ததில்லை. ஒரு அக்கா, வீட்டுக்காரரை இழந்தவர், இரண்டு வருஷமாக அலைகிறார். அவர் கையில் இருப்பது பிரேதப் பரிசோதனை அறிக்கையும் ‘இயற்கை’ என்கிற ஒரு சொல்லும்தான். “ஊசி போடாம எத்தன நாளு வச்சிருந்தாங்கன்னு மட்டும் சொல்லட்டும் தம்பி, நா வேற ஒண்ணுங் கேக்கல” என்கிறார். சர்க்கரை நோய்க்காரர் அவர் கணவர். வாரா வாரம் மனு பார்க்கப் போகும்போது வாசலில் ஊசி மருந்தைக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறார். அது உள்ளே போய்ச் சேர்ந்ததா என்று அவருக்கு இன்றுவரை தெரியாது.

எனவே தோழர்கள் மனு எழுதும்போது ‘நீதி வேண்டும்’ என்று மட்டும் எழுதி நிறுத்த வேண்டாம். பதினைந்தாவது பிரிவின் பதிவேட்டு நகல் கேளுங்கள். ஹிஸ்டரி டிக்கெட் நகல் கேளுங்கள். வழிக்காவல் கேட்டு சிறையிலிருந்து போன கடிதத்தின் தேதியையும், காவல் வந்த தேதியையும் தனித்தனியாகக் கேளுங்கள். உயிருக்கோ சுதந்திரத்துக்கோ சம்பந்தப்பட்ட தகவல் என்றால் 48 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்று 2005ஆம் ஆண்டுத் தகவல் உரிமைச் சட்டத்தின் ஏழாவது பிரிவு சொல்கிறது. உள்ளே இருப்பவர் உயிரோடு இருக்கும்போதே, அவருக்கு முதல் காய்ச்சல் வந்த வாரமே, அந்த மனுவைப் போட்டுவிடுங்கள்.